ஐம்பது மில்லிசெகண்ட்

மரியஜான் கருவியை மேசைமேல் வைக்கவில்லை, போட்டார். அது ஒரு குதி குதித்துப் பூங்கனியின் கீபோர்டில் இடித்து நின்றது.

"இந்தா, நீங்களே வச்சுக்கிடுங்க. இனி இந்தச் சவம் எனக்க வள்ளத்துல ஏறாது."

குளச்சலிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலருக்கு மேல் கழுத்து வெயிலில் வெந்து தோல் உரிந்து கிடந்தது. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு பெயின்ட் கடையின் மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் மொத்தமே ஆறு பேர். முதலாளி ஜெயசிங் மட்டும் எழுந்து, "இருங்க அண்ணாச்சி, இருந்து பேசுங்க" என்றார்.

"இருக்கதுக்கு வரல்ல. முந்தாநேத்து காலைல ஏழு மணிக்கு எஞ்சின் நின்னு போச்சு. கரையிலேர்ந்து இருபது மைலு. நானும் எனக்க தம்பி ஜஸ்டசும் வேற ரெண்டு பேரும். செவப்பு பட்டன அமுக்குனா ஆளு வரும்னு சொன்னியள்லா? அமுக்குனேன். லைட்டுகூட எரியல்ல. நாலு பேரும் மாத்தி மாத்தி அமுக்குனோம். சாயங்காலம் ஆறு மணிக்கு வேற ஒரு வள்ளக்காரன் கண்டு கெட்டி இழுத்துட்டு வந்தான். பதினோரு மணிக்கூர். குடிக்க வெள்ளம் தீந்து போச்சு. ஜஸ்டஸ் கொடலு வெளிய வாற மாதிரி சர்த்திச்சு சர்த்திச்சு இப்பமும் ஆஸ்பத்திரியில கெடக்கான்."

"உறைஞ்சு போனா பேட்டரிய கழட்டி மாட்டுங்கன்னு சொல்லியிருந்தோமே" என்றார் ஜெயசிங்.

"நாலு ஸ்க்ரூ போட்டு மூடி வச்சிருக்கியளே. கடல்ல அதுக்கு ஆயுதத்துக்கு எங்க போவேன்? பல்லால கடிக்கவா?"

பூங்கனி மேசைமேல் கிடந்த கருவியைப் பார்த்தாள். அந்தக் கருவி தூங்கி எழுவதற்கான நிரல் முழுவதும் அவள் பொறுப்பு.

அது 2013 செப்டம்பர். சின்ன வள்ளங்களுக்காக அவர்கள் செய்த கருவி அது. உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிது. வள்ளம் எங்கே நிற்கிறது என்று காட்டும், போக வேண்டிய திசையை அம்புக்குறியால் சொல்லும், ஆபத்தில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் கரைக்கும் பக்கத்து வள்ளங்களுக்கும் ரேடியோவில் செய்தி அனுப்பும். ஒரு மீனவர் சங்கம் பன்னிரண்டு வள்ளங்களில் இதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தது. பேட்டரி ஒரு வாரம் நிற்க வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதனால் முப்பது வினாடி யாரும் தொடாவிட்டால் கருவி தூங்கப் போய்விடும். ஏதாவது ஒரு பட்டனை அமுக்கினால் எழுந்துகொள்ளும். எழுந்துகொள்ள வேண்டும்.

ஐந்து வாரத்தில் ஒன்பது முறை அது எழவில்லை. இது பத்தாவது.

அந்த ஐந்து வாரமும் பூங்கனி ஒரே கருவியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூங்க விடுவாள், அமுக்குவாள், எழும். மறுபடி தூங்க விடுவாள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. ஒருமுறைகூட உறையவில்லை. உள்ளே நடப்பதைப் பார்க்கக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்துப் பார்த்தாள். அப்போதும் ஒன்றுமில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: கேபிள் வழியாகக் கருவிக்கு மின்சாரம் கிடைக்கிறது, மின்சாரம் கிடைத்தால் தூங்க வேண்டாம் என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். ஒரு வாரமாகத் தூங்காத ஒன்று ஏன் எழவில்லை என்று தேடியிருக்கிறாள். கேபிளின் சிவப்பு வயரைக் கத்தரித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். அப்போதும் கருவி சமத்தாகத் தூங்கி, சமத்தாக எழுந்தது. இதற்கிடையில் தினமும் நாலு மணிநேரம் கரன்ட் கட். யூபிஎஸ் கூவத் தொடங்கினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நிற்க வேண்டியதுதான்.

"இது வெள்ளம் கேறுற கேஸு" என்று ஜெயசிங் இரண்டாவது வாரமே முடிவுகட்டிவிட்டார். "ஆபீஸ்ல ஓடுது, கடல்ல ஓடல்லன்னா வேற என்ன? உப்புத்தண்ணிதான்." பெட்டியும் சர்க்யூட்டும் கிருஷ்ணமணியின் வேலை. அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். உறைந்த கருவிகளைத் திறந்தால் உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை என்று காட்டினான். ஜெயசிங் கேட்கவில்லை. பன்னிரண்டு பெட்டிகளையும் பிரித்து, ரப்பர் வளையத்தை மாற்றி, பிசின் ஊற்றி, போதாததற்கு மூடிக்கு நாலு ஸ்க்ரூவும் வைத்து மூடினான் கிருஷ்ணமணி. பூங்கனி அவனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பக்கத்தில் தப்பு இல்லை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

மரியஜான் படியிறங்கிப் போனார். பூங்கனி மேசையில் கிடந்த கருவியையும் சோதனைக்கு வைத்திருந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, ஒரு நிமிசம். அன்னைக்கு இது கடைசியா எப்பம் வேல செஞ்சுது?"

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"எஞ்சின் நிக்கதுக்கு முந்தி பாத்தியளா இத?"

அவர் பெயின்ட் கடை வாசலில் நின்றார். "பாக்காம? இத வச்சுத்தான வள்ளம் ஓட்டுனேன். அம்பு பாத்துப் போயிட்டே இருந்தேன். ஒரு நேரத்துல லைட்டு அணைஞ்சுது, அப்படியே போச்சு. உறங்குதுன்னு நெனச்சேன். வழிதான் தெரியுமேன்னு விட்டுட்டேன்."

"லைட்டு அணையும்போ என்ன செய்விய?"

"என்ன செய்வேன்? அமுக்குவேன். ஒரு கை எஞ்சின்ல, ஒரு கையில இது. முப்பது செகண்டுக்கு ஒருக்கா அணைஞ்சா எப்படி ஓட்டுகது? அணையப் போவுதுன்னு கண்டா டக்குனு ஒரு அமுக்கு."

"எனக்குக் காட்டுவியளா? இதுல."

சோதனைக் கருவியைச் சலித்துக்கொண்டே வாங்கினார். வெயில் படாமல் உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். முப்பது வினாடி. விளக்கு மங்கிய அதே கணம் கட்டைவிரல் இறங்கியது. கருவி எரிந்தது. மறுபடி முப்பது வினாடி. மறுபடி எரிந்தது. கடைக்காரர் பெயின்ட் டப்பா ஒன்றைக் குலுக்கும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது முறை விளக்கு அணைந்தது. கட்டைவிரல் இறங்கியது. எரியவில்லை. மரியஜான் சிவப்பை அமுக்கினார், பச்சையை அமுக்கினார், எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கினார். எரியவில்லை.

"இப்பம் கண்டியா?"

பூங்கனி சிரித்துவிட்டாள். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அதைக் கண்ணால் பார்த்திருந்தாள், அடக்க முடியவில்லை.

மரியஜானின் முகம் மாறியது. "எதுக்குச் சிரிக்க? எனக்க தம்பி கையில ஊசி குத்திக் கெடக்கான். உனக்குச் சிரிப்பு வருகா?"

"இல்லண்ணே, நான் அதுக்கு…"

அவர் கருவியை அவள் கையில் திணித்துவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அலுவலகத்தில் யாரும் இப்படி அமுக்கியதில்லை. மேசைமேல் வைத்து, முழுதாகத் தூங்கட்டும் என்று காத்திருந்து, பிறகு அமுக்கியிருக்கிறார்கள். வள்ளம் ஓட்டுகிறவன் காத்திருக்க மாட்டான். அவன் விரல் இறங்குவது கருவி தூங்கப் போய்க்கொண்டிருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில்.

கிருஷ்ணமணியிடம் போய், விளக்கு அணைந்ததும் தானாகப் பட்டனை அமுக்கும் ஒரு சர்க்யூட் வேண்டும், எத்தனை நேரம் கழித்து அமுக்குவது என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும் என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் மின்சாரத்தால் திறந்து மூடும் ஸ்விட்சான ஒரு பழைய ரிலேயை வைத்துக் கட்டிக்கொடுத்தான். நாலாவது நிமிடத்தில் கருவி செத்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். மறுபடி செத்தது. சாயங்காலம் வரை ஓட்டியதில் கணக்கு தெளிவாக இருந்தது. விளக்கு அணைந்த பிறகு ஐம்பது மில்லிசெகண்டுக்குள், அதாவது வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள், அமுக்கினால் சாகிறது. அதைத் தாண்டி அமுக்கினால் சாவதே இல்லை.

"அம்பது" என்றான் கிருஷ்ணமணி. "அதென்ன கணக்கு? வட்ட நம்பரா இருக்கு."

பூங்கனி நாற்காலியை ஸ்க்ரீன் பக்கம் இழுத்துப்போட்டாள். அந்த நம்பரை அவளுக்குத் தெரியும்.

ஒரு கருவியின் ஒவ்வொரு உறுப்பையும் ஆட்டிவைக்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். பட்டன்களைக் கவனிக்கும் டிரைவரைத் திறந்தாள். தூங்கும் முன் அது, யாருக்காவது வேலை பாக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கிறது. இல்லையென்றால் விளக்கை அணைக்கிறது. ஐம்பது மில்லிசெகண்ட் காத்திருக்கிறது. பிறகு ஸ்க்ரீனுக்கும் பட்டன்களைப் படிக்கும் சிப்புக்கும் சேர்த்து மின்சாரத்தை நிறுத்துகிறது. அந்தக் காத்திருப்புக்குள் யாராவது அமுக்கினால், அதைக் கவனிக்கும் நிரல்துண்டு, கருவி விழித்திருப்பதாகவே எண்ணி, ஒரு நேரத்தில் ஒரு நிரல்துண்டு மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டை எடுத்துக்கொண்டு, எந்தப் பட்டன் என்று சிப்பிடம் கேட்கப் போகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே சிப்பின் மின்சாரம் போய்விடுகிறது. பதில் வராது. அது பூட்டை விடாமல் பதிலுக்காக நிற்கும். அதன்பின் யார் எதை அமுக்கினாலும், சிப்புக்கு மறுபடி மின்சாரம் கொடுக்க அதே பூட்டு வேண்டும். பூட்டு கிடைக்காது. வெளியே ஒருவன் இருபது மைல் தூரத்தில் நின்று அமுக்கிக்கொண்டே இருப்பான்.

காத்திருப்பு வரிக்கு நேரே, எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன. பூங்கனி. ஜூலை பன்னிரண்டு.

ஸ்க்ரீன் அணையும்போது ஒரு வெள்ளைக் கோடு பளிச்சென்று ஓடியது, சங்கத்துக்காரர்கள் முன்னால் அசிங்கமாகப் போய்விட்டது என்று ஜெயசிங் அன்று கத்தினார். விளக்கை அணைத்துக் கொஞ்சம் பொறுத்து மின்சாரத்தை நிறுத்தினால் கோடு போய்விட்டது. ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் 'தற்காலிகம்' என்று குறித்துவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். அந்த இடைவெளி அதற்கு முன்பும் இருந்ததுதான், ஆனால் கண்ணிமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு மனிதனின் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அதைத் திறந்துவிட்டது அவள்.

"மணியண்ணே" என்றாள். "தப்பு உங்க பெட்டியில இல்ல. நான் எழுதுனதுல."

கிருஷ்ணமணி ஸ்க்ரீனைக் குனிந்து வாசித்தான். தேதியைப் பார்த்தான். பிறகு வலது கையை விரித்துக் காட்டினான். விரல் நுனிகளில் பிசின் பட்டு வெந்த தோல் இன்னும் கறுத்திருந்தது.

"பன்னெண்டு பெட்டி" என்றான். "ஒண்ணொண்ணா. நீ பாத்துட்டுத்தான இருந்த?"

"ஆமா."

"செரி, சார்கிட்ட நீயே சொல்லு." எழுந்து போய்விட்டான்.

ஜெயசிங்கிடம் சொன்னபோது அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் நிம்மதியடைந்தார். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. "கண்டுபிடிச்சாச்சுல்லா? அந்த வரிய எடுத்துட்டுப் போடு. நாளைக்கே பன்னெண்டையும் மாத்திருவோம். வெளியே வெள்ளம் கேறிச்சுன்னே இருக்கட்டும். சங்கத்துக்காரன்கிட்ட இந்தக் கதையெல்லாம் சொன்னா மனசிலாவாது."

"வரிய எடுத்தா குறையும் சார், போவாது. இடைவெளி சின்னதாவும், அவ்வளவுதான்."

"எத்தன நாளைக்கு ஒருக்கா வரும்?"

"தெரியாது. மாசத்துக்கு ஒருக்கா. வருசத்துக்கு ஒருக்கா."

"வருசத்துக்கு ஒருக்கான்னா விட்டுரு."

"அந்த ஒருக்கா யாருக்குன்னு சொல்லுங்க சார், விடுகேன்."

ஜெயசிங் அவளை முறைத்தார். "ஒரு வாரம். அதுக்கு மேல ஒரு நாளு கெடயாது."

பத்து நாள் ஆனது. முதலில் அவள் செய்தது எல்லோரும் செய்வதுதான். பார்ப்பதிலிருந்து மின்சாரத்தை நிறுத்துவது வரை எல்லாவற்றையும் அதே பூட்டுக்குள் வைத்தாள். நடந்துகொண்டிருக்கும் வேலை முடியட்டும் என்று உள்ளேயே காத்திருக்கச் செய்தாள். ரிலேயை ஓட்டினால் கருவி முதல் அமுக்கிலேயே செத்தது. பழையபடி எப்போதாவது இல்லை, ஒவ்வொரு முறையும். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் தெரிந்தது: அந்த வேலை முடிய அதே பூட்டு வேண்டும். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டுக்காக நிற்கிறவனிடம் வேலையை முடி என்று சொல்லியிருக்கிறாள். கீபோர்டைத் தள்ளிவிட்டு எழுந்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகை வந்தது, அழக்கூட எரிச்சலாக இருந்தது.

பிறகு வரிசையை மாற்றினாள். முதலில் பட்டனுக்கான வாசலை அடைக்க வேண்டும், புதிதாக எந்த வேலையும் உள்ளே வராதபடி. ஏற்கெனவே உள்ளே போனவை முடியும்வரை, பூட்டை எடுக்காமல் நிற்க வேண்டும். அதன் பிறகே பூட்டு. வாசலை அடைத்த நேரத்தில் ஏதாவது தட்டல் வந்து நிற்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். வந்திருந்தால் தூக்கத்தைக் கைவிட்டு எழுந்துவிட வேண்டும். வராதிருந்தால்தான் மின்சாரத்தை நிறுத்தலாம். எழுதி முடித்தபோது மொத்தம் நாற்பது வரிகூட இல்லை.

முப்பது வினாடியை ஒரு வினாடியாகக் குறைத்து, இரண்டு லட்சம் அமுக்கு என்று ரிலேயை ஓடவிட்டாள். ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் போய், ரிலே நின்றது. "போதும்லா?" என்றார் ஜெயசிங். பூங்கனி ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினாள். இந்த முறை கிருஷ்ணமணி வீட்டிலிருந்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்து ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கொண்டுவந்தான். அந்தப் பேட்டரியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அவளிடம் பேசவில்லை. இரண்டு லட்சமும் முடிந்தது. கருவி ஒருமுறைகூடச் சாகவில்லை.

குளச்சலுக்கு அவளே போனாள். துறைமுகத்தில் ஏலம் முடிகிற நேரம். மீன் கூடைகளுக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவில் ஒரு பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வரச்சொல்லி நிரலை மாற்றினாள். என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம், நாங்கள் எழுதியதில் தப்பு, தண்ணீர் ஏறியதால் இல்லை என்று சொன்னாள். சிலர் தலையாட்டினார்கள். சிலர் கேட்கக்கூட இல்லை. பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, அலுவலகத்தில் எறிந்துவிட்டுப் போனது, அவள் பையில் இருந்தது.

மரியஜான் வலைக்குவியல் ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மெலிந்த, தாடி வைத்த ஒருவர் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜஸ்டஸ் என்று சொல்லாமலே தெரிந்தது.

"அண்ணே, இது சரியாச்சு."

"வெள்ளம் கேறிச்சுன்னு உங்க மொதலாளி போன் போட்டாரு."

"இல்ல. நான்தான் தப்பா எழுதிட்டேன். ஜூலை மாசம். ஸ்க்ரீன் அழகா அணையணும்னு ஒரு வரி சேத்தேன். நீங்க அமுக்குன நேரமும் அந்த வரியும் சேந்து இத உறைய வச்சுது. உங்க கையில தப்பு இல்ல, பெட்டியிலயும் இல்ல."

மரியஜான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத அன்னைக்குச் சிரிக்கும்போ தெரியுமா உனக்கு?"

"அன்னைக்குத் தெரியாது. சாயங்காலந்தான் தெரிஞ்சுது."

கையை நீட்டினார். கொடுத்தாள். விளக்கு மங்குவதற்காகக் காத்திருந்து அமுக்கினார். எரிந்தது. மறுபடி. ஐஸ் வண்டி போய், ஏலக்காரர்கள் போய், காக்கைகள் இறங்கின. அவர் நிறுத்தவில்லை. சில நேரம் சீக்கிரமாக, சில நேரம் பிந்தி, சில நேரம் இரண்டு பட்டனைச் சேர்த்து. முக்கால் மணிநேரம் இருக்கும். ஒவ்வொரு முறையும் எரிந்தது. கடைசியில் தம்பியிடம் நீட்டினார். ஜஸ்டஸ் அதைப் பார்த்தார், வாங்கவில்லை. வலையின் ஒரு கண்ணியை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு எழுந்து, வள்ளத்தின் பக்கம் நடந்து போனார்.

மரியஜான் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். "வேல செய்யுது. இல்லன்னு நான் சொல்லல்ல. ஆனா இது இருந்தா அவன் வள்ளத்துல ஏறமாட்டான். எனக்கு அவன் வேணும். நீ கொண்டு போ மோளே."

"அண்ணே, இன்னொரு தடவ எஞ்சின் நின்னா?"

"நின்னா நிக்கட்டும். பாத்துக்கிடுவோம்."

கருவியைப் பைக்குள் திணித்தாள், தன்மேலேயே கோபமாக வந்தது. இரணியல் வழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. லேப்டாப்பைத் திறந்து, அந்தக் கோபத்திலேயே மற்ற டிரைவர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தாள். இரணியல் தாண்டியபோது ரேடியோ டிரைவரில் நின்றாள். வேலை இருக்கிறதா என்று பார்க்கிறது. பிறகு, பூட்டு இல்லாமல், மின்சாரத்தை நிறுத்துகிறது. பட்டன் டிரைவரைப் பார்த்துப் பிரதியெடுத்து எழுதியது. கரையிலிருந்து செய்தி வரும் நேரமும் தூங்கும் நேரமும் ஒன்றாக விழுந்தால் போதும், கருவி மறுபடி உறையும்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஜெயசிங், "எல்லாம் முடிஞ்சுதா?" என்றார்.

"இல்ல சார். ரேடியோவுலயும் இருக்கு. பன்னெண்டையும் மறுபடி மாத்தணும்."

ஜெயசிங் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். கிருஷ்ணமணி தன் மேசையில் ரிலேயைக் கழற்றி, வயர்களைச் சுற்றி, டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

"ஒரு அஞ்சு நிமிசம் முந்திச் சொல்லியிருக்கலாம்லா" என்றான் எரிச்சலோடு. டப்பாவைத் திறந்து வயர்களை மறுபடி வெளியே எடுத்தான். "வா, இங்க வந்து இரு. ரேடியோவுக்கு ரிலேய எங்க மாட்டணும்னு சொல்லு."